நாலு இடத்துக்கு ஒரே பயோடேட்டா போதுமா?

“மாமா, எனக்க பயோடேட்டா ஒண்ணு அடிச்சுத் தரணும். நாலு காப்பி போதும்.”

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருபது வருடமாக டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. இந்தத் தடவை கேட்டது தூரத்துச் சொந்தத்தில் ஒரு பிள்ளை. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் மூன்றரை வருடமாக வேலை. லீவுக்கு வந்திருந்தாள். நல்ல மழை, கடையில் வேறு ஆளில்லை.

“நாலும் எங்கெங்க மக்களே?”

“ஒண்ணு இஞ்ச பக்கத்துல மிஷன் ஆஸ்பத்திரிக்கு. ஒண்ணு துபாய்க்கு, ஏஜென்ட் கேட்டாரு. ஒண்ணு யு.கே.க்கு. பின்ன ஜெர்மனிக்கும் ஒண்ணு போட்டு வைக்கலாம்னு…”

கல்யாண வீட்டுக்கும் துட்டி வீட்டுக்கும் ஒரே சேலையில் போவது மாதிரிதான் இது. ஆனால் அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நானே பல வருடம் அப்படித்தான் அடித்துக் கொடுத்தேன். கடை கம்ப்யூட்டரில் ஒரு மாதிரிக் கோப்பு இருக்கும். பெயரை மாற்று, அப்பா பெயரை மாற்று, மார்க்கை மாற்று, பிரின்ட் எடு. பொழுதுபோக்கு என்ற இடத்தில் ‘கேரம், பாட்டு கேட்பது’ என்று இருக்கும். அதை யாரும் மாற்றச் சொன்னதில்லை. ஒருமுறை என் கடையில் அடித்த இரண்டு பையன்கள் ஒரே கம்பெனிக்கு ஒரே நாளில் நேர்முகத்துக்குப் போனார்கள். இரண்டாவது ஆளிடம், “உங்க ஊர்ல எல்லாரும் கேரம்தான் விளையாடுவீங்களா?” என்று கேட்டிருக்கிறார்கள். பையன் திரும்பி வந்து என்னிடம் சண்டைக்கு நின்றான். அன்றைக்கே அந்தக் கோப்பை அழித்தேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பயோடேட்டா, ரெஸ்யூம், சி.வி. என்று மூன்று சொல் நம்மிடம் புழங்குகிறது; மூன்றையும் ஒன்றாகவே சொல்கிறோம். ரெஸ்யூம் பிரெஞ்சுச் சொல், சுருக்கம் என்று பொருள். சி.வி. என்பது கரிக்குலம் விட்டே என்ற லத்தீன் தொடர், வாழ்க்கையின் ஓட்டம். அமெரிக்காவில் ரெஸ்யூம் என்றால் ஒன்றிரண்டு பக்கம், சி.வி. என்றால் பேராசிரியர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் கொடுக்கிற, பக்கக் கணக்கில்லாத பட்டியல். பிரிட்டனில் சி.வி. என்று கேட்டாலே அந்த இரண்டு பக்கத்தைத்தான் கேட்கிறார்கள். வளைகுடா ஏஜென்ட் சி.வி. என்று சொல்லும்போது அவர் மனதில் இருப்பது, போட்டோவும் பாஸ்போர்ட் விவரமும் வைத்த பயோடேட்டா. ஆகவே பெயரை நம்பிப் பயனில்லை. இதை யார் படிக்கப் போகிறார், அவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டால் போதும். அந்தப் பிள்ளையின் நாலு இடத்தையும் அப்படித்தான் ஒவ்வொன்றாக எடுத்தோம்.

உள்ளூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பயோடேட்டாவேதான் சரி. பயோடேட்டா பழைய பாணி, அதைத் தூக்கிப்போடு என்று இணையத்தில் படித்துவிட்டு வருகிற பையன்கள் உண்டு. நம் மாவட்டத்தில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, நகைக்கடை, முந்திரி ஆலை ஆபீஸ் என்று எங்கே போனாலும், காகிதத்தைக் கையில் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது ஊரும் அப்பா பெயரும்தான். “கருங்கல்லா? கருங்கல்ல எந்தப் பக்கம்?” என்றுதான் பேச்சே தொடங்கும். கல்யாணம் ஆயாச்சா, நைட் ஷிஃப்டுக்கு வர முடியுமா, வீடு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அவர்களுக்கு நிஜமாகவே வேண்டிய தகவல். மதம், திருச்சபை என்று கேட்கிற நிர்வாகங்களும் இருக்கின்றன. கேட்பது சரியா என்பது வேறு விவாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கேட்காத இடத்தில் அதை நாமாக எழுத வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன்.

ஒரு பக்கம் போதும். மேலே பெயர், முகவரி, போன். அடுத்து படிப்பு, நர்சிங் கவுன்சில் பதிவு எண், வேலை பார்த்த இடம். கீழே ‘மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை’ என்ற உறுதிமொழி, இடம், நாள், கையெழுத்து. கையெழுத்தை நீல மையில் போடச் சொல்வேன். கறுப்பில் போட்டால் ஜெராக்ஸா அசலா என்று தெரியாது. கூடவே மேலாளருக்கு அரைப் பக்கத்தில் கையால் எழுதிய ஒரு விண்ணப்பக் கடிதம். கையெழுத்து நன்றாக இருக்கிற பிள்ளைகளுக்கு இது இன்றைக்கும் உதவுகிறது. நம் ஊர் அலுவலகங்களில் அதை நிதானமாகப் படிக்கிற ஆட்கள் மிச்சமிருக்கிறார்கள்.

தமிழில் அடிக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய டி.டி.பி. கடைகள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துரு ஓடுகிறது, என் கடை உட்பட. பிரின்ட் எடுத்தால் அழகாக இருக்கும். அதே கோப்பை மெயிலில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். அனுப்புவதென்றால் யூனிகோடில் அடித்து பி.டி.எஃப். ஆக்கித் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது துபாய். அவள் அதிகம் யோசித்ததும் நான் அதிகம் நேரம் செலவழித்ததும் இதற்குத்தான். வளைகுடாவுக்குப் போகிற காகிதம் இரண்டு பக்கம், சிலசமயம் மூன்று. வெள்ளைப் பின்னணியில் போட்டோ, குடியுரிமை, பிறந்த தேதி, பாஸ்போர்ட் செல்லுபடியாகும் தேதி, டேட்டாஃப்ளோ என்கிற சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்ததா, உரிமத் தேர்வு எழுதியாச்சா, எப்போது வேலையில் சேர முடியும். பாஸ்போர்ட் எண்ணை வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிற காப்பியில் போட வேண்டாம், நேர்முகம் உறுதியான பிறகு கொடுத்தால் போதும் என்றேன். அவள் ஏற்கெனவே மூன்று குரூப்பில் போட்டிருந்தாள்.

நர்ஸ்களுக்கு இதில் உயிரான பகுதி அனுபவம். ‘ஐ.சி.யூ. நர்ஸாகப் பணிபுரிந்தேன்’ என்று ஒரு வரியில் எழுதினால் அங்கே எந்த மதிப்பும் இல்லை. ஆஸ்பத்திரி எத்தனை படுக்கை, ஐ.சி.யூ. எத்தனை படுக்கை, ஒரு ஷிஃப்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி, வென்டிலேட்டர் பார்த்திருக்கிறாயா, ஆர்ட்டீரியல் லைன், டயாலிசிஸ் நோயாளிகளைக் கையாண்டிருக்கிறாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். அவள் முதலில் கொண்டுவந்த தாளில் இது எதுவும் இல்லை. பத்தாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் வாங்கிய பரிசு இருந்தது.

பிறகு தேதி. டேட்டாஃப்ளோ என்பது நீங்கள் கொடுக்கிற சான்றிதழை, அதைக் கொடுத்த கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்குமே நேராக அனுப்பி உண்மையா என்று கேட்கிற சரிபார்ப்பு. சி.வி.யில் ஜூன் 1 என்றும் அனுபவச் சான்றிதழில் ஜூன் 15 என்றும் இருந்தால் அந்தப் பதினாலு நாளுக்குப் பதில் சொல்லியே மாதங்கள் போய்விடும். மூன்று வருடத்தை நாலு வருடமாக்கிப் போடச் சொல்லி என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அடித்துக் கொடுக்க எனக்கு ஒரு நிமிடம்தான் ஆகும், மாட்டிக்கொள்கிறவர் நீங்கள்.

தேதிக்கு அடுத்து பெயர். இனிஷியல் நமக்குச் சாதாரணம், வெளிநாட்டுக்காரனுக்குப் புதிர். அந்தப் பிள்ளையின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்து. ஆதாரில் அந்த எழுத்து முன்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, குடும்பப் பெயர் என்ற இடத்தில். நர்சிங் கவுன்சில் பதிவில் இனிஷியலே இல்லை. நாலு காகிதம், நாலு ஆள்! 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் விடமாட்டோம் என்று அமீரகம் அறிவித்தபோது என் கடையில் பாஸ்போர்ட் திருத்த விண்ணப்பம் போட வந்த கூட்டம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். ஆகவே வெளிநாட்டுக் காகிதம் எதுவானாலும், பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே பெயர். ‘வீட்டில் கூப்பிடுகிற பெயர்’ எல்லாம் உள்ளூர்ப் பயோடேட்டாவோடு நிற்கட்டும்.

யு.கே.க்கு என்று தலைப்புப் போட்டவுடன் நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். “இதை நான் அடிக்க முடியாது மக்களே, நீதான் எழுதணும்.”

அங்கே அரசு மருத்துவமனைகளுக்கு, அதாவது என்.எச்.எஸ்.ஸுக்கு, நேரடியாகப் போடுவதென்றால் பெரும்பாலும் சி.வி. கிடையாது. இணையத்தில் ஒரு விண்ணப்பப் படிவம். போட்டோ வேண்டாம், அப்பா பெயர் வேண்டாம். மதம், வயது மாதிரியான சொந்த விவரங்கள் கேட்டாலும் தனியாகப் போய்விடும். முதல் வடிகட்டலைச் செய்கிறவர் கண்ணில் படாது. 2010-ல் வந்த சமத்துவச் சட்டத்துக்குப் பிறகு அந்த விஷயத்தில் அவர்கள் கவனமாக இருக்கிறார்கள். நம் பயோடேட்டாவின் முதல் பாதி அங்கே அப்படியே கழிந்துபோகிறது. கடைசியில் ஒரு பெரிய காலிப் பெட்டி இருக்கும்: இந்த வேலைக்கு நீ ஏன் தகுதி என்று எழுது. வேலை அறிவிப்போடு, எந்தெந்தத் தகுதி கட்டாயம், எது இருந்தால் நல்லது என்று ஒரு பட்டியலும் வரும். அந்தப் பட்டியலை வரிவரியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நீ செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். படிவத்தின் மற்றப் பகுதி எல்லாம் பத்து நிமிட வேலை. ஆளைத் தேர்ந்தெடுப்பதும் கழிப்பதும் இந்தப் பெட்டிதான்.

இங்கேதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வது நமக்கு வராது. “நல்லா வேலை பாப்பேன் மாமா, அத எப்பிடி எழுத?” என்றாள். ஒரு ராத்திரி டியூட்டியைச் சொல்லு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதிகாலை மூன்று மணிக்கு ஒரு நோயாளியின் மூச்சு எண்ணிக்கை மெல்ல ஏறுவதைக் கவனித்ததையும், டாக்டரை எழுப்பத் தயங்காமல் கூப்பிட்டதையும், அந்த ஆள் பிழைத்ததையும் சொன்னாள். ஐந்து நிமிடம் நிற்காமல் பேசினாள். “இதைத்தான் எழுதணும். என்ன பாத்தே, என்ன செஞ்சே, என்ன ஆச்சு. அவ்வளவுதான்.” இணையத்தில் கிடைக்கிற பத்தியை எடுத்து ஒட்டினால் என் பழைய கேரம் கதைதான் நடக்கும், ஒரே பத்தியை அவர்கள் நூறு பேரிடம் படித்திருப்பார்கள்.

படிவத்துக்கு முன்னால் செய்ய வேண்டியதும் இருக்கிறது. அங்குள்ள நர்சிங் கவுன்சிலுக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் 7, எழுத்துப் பகுதியில் மட்டும் 6.5 இருந்தால் போதும். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு ஓ.ஈ.டி. எழுதினால் பி கிரேடு, எழுத்தில் சி பிளஸ். அது கையில் வராமல் படிவம் நிரப்புவதில் பெரிய பயனில்லை. ஒரு நல்ல செய்தி: என்.எச்.எஸ். வேலைக்கு நர்ஸிடம் ஏஜென்ட் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அவர்கள் நாட்டு விதி. வேறு நாடுகளுக்கும் இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். ‘சி.வி. மார்க்கெட்டிங்’ என்று லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

ஜெர்மனியைச் சீக்கிரம் முடித்தோம். அங்கே லேபன்ஸ்லாஃப் என்று அட்டவணை மாதிரியான ஒரு வாழ்க்கைக் குறிப்பு; இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் விவரம், நடுவில் ஒரு மாதம்கூட விளக்கமில்லாமல் காலியாக இருக்கக் கூடாது. போட்டோ சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் வைக்கிற வழக்கம் போகவில்லை. கீழே ஊர், தேதி, கையெழுத்து. இந்த ஒரு விஷயத்தில் ஜெர்மன்காரன் நம் பயோடேட்டாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கூடவே ஒரு கடிதமும் எல்லாச் சான்றிதழ்களும் ஒரே கோப்பாக. ஆனால் நர்ஸாக அங்கீகாரம் பெற ஜெர்மன் மொழியில் பி2 நிலை வேண்டும். அவள் இன்னும் தொடக்க நிலையான ஏ1 வகுப்பில்கூடச் சேரவில்லை. “அப்போ இது வேண்டாம், வகுப்புக்குச் சேந்த பெறவு வா” என்று சொல்லிவிட்டேன். எல்லையில் இருப்பதால், கேரள அரசின் நோர்கா அமைப்பு மூலம் வெளிநாடு போகிறவர்களைப் பற்றிய செய்திகள் நம் வாட்ஸ்அப்பிலும் வந்து குவியும்; அது கேரளக்காரர்களுக்கான ஏற்பாடு. நமக்கு 1978 முதல் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, சென்னையில். முதலில் அதன் இணையதளத்தைப் பார்ப்பது நல்லது.

நடுவில் அவள் தம்பி நனைந்துகொண்டு வந்தான். பி.இ. முடித்தவன். கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனிக்குப் போட ரெஸ்யூம் வேண்டுமாம், போனில் காட்டினான். இரண்டு நிறம், பக்கத்தை நெடுக்காகப் பிரித்து இரண்டு பத்தி, மூலையில் வட்டத்துக்குள் போட்டோ, ‘ஜாவா’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஐந்தில் நாலு நட்சத்திரம். பார்க்க ஜோர். ஆனால் பெரிய கம்பெனிகளில் முதலில் படிப்பது மனிதன் அல்ல, விண்ணப்பங்களைச் சலிக்கிற மென்பொருள். சில மென்பொருள் இரண்டு பத்தியையும் குறுக்கே சேர்த்துப் படித்துவிடும். நட்சத்திரம் அதற்குப் புரியாது. நெடுக்காகப் பிரிக்காத ஒரே பத்தி, சாதாரண எழுத்துரு, ஒரே பக்கம். அறிவிப்பில் என்ன சொல்லை எழுதியிருக்கிறார்களோ, அந்தத் திறமை நிஜமாகவே இருந்தால் அதே சொல். அப்பா பெயரும் மதமும் உறுதிமொழியும் வேண்டாம். அந்த இடத்தில், கடைசி வருடம் செய்த புராஜெக்ட்டில் அவன் கை எது, கூட்டாளிகள் கை எது என்று இரண்டு வரி. “நாலு நட்சத்திரம்னா ஒரு நட்சத்திரம் எங்க போச்சுன்னு கேப்பாங்கடே” என்றேன். சிரித்துக்கொண்டே அழித்தான்.

அவனுக்கு அரசு வேலை ஆசையும் உண்டு. அதற்கு இந்தக் காகிதம் எதுவும் உதவாது. டி.என்.பி.எஸ்.சி.க்கு ஒருமுறைப் பதிவு, கட்டணம் 150 ரூபாய், ஐந்து வருடம் செல்லும். அக்காவுக்கென்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதற்கும் இணையப் படிவம்தான். அங்கே நடை, அழகு எதற்கும் மார்க் இல்லை, எஸ்.எஸ்.எல்.சி.யில் உள்ள பெயர், சாதிச் சான்றிதழ் எண், சரியான அளவில் போட்டோ, கையெழுத்து. நாகர்கோவில் கோணத்தில் உள்ள வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதே என்றும் சொன்னேன். அவன் மறந்திருந்தான்.

மெயிலில் அனுப்பும்போது மேலே எழுதுகிற நாலு வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கவரிங் லெட்டர் என்று தனித் தாள் எல்லா இடத்திலும் கேட்பதில்லை. ஆனால் வெறும் மெயிலில் கோப்பை மட்டும் ஒட்டி அனுப்புவது, வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்பது போல. எந்த வேலை, அதை எங்கே பார்த்தேன், எனக்கு அதில் என்ன தெரியும், எப்போது சேர முடியும். நாலே வரி. கோப்புக்கும் பெயர் வையுங்கள். ‘நியூ ஃபைனல் 3’ என்ற பெயரில் எத்தனை பேருடைய எதிர்காலம் என் கணினியில் கிடக்கிறது தெரியுமா?

அவளுக்கு நான் சொன்ன வழி இது. முதலில் பக்கக் கணக்கே பார்க்காமல் ஒரு தாய்க் கோப்பு. வேலை பார்த்த ஒவ்வொரு இடம், சேர்ந்த நாள், விலகிய நாள், செய்த வேலை, பயிற்சி, பதிவு எண், எல்லாமே அதில். அதை யாருக்கும் அனுப்பக் கூடாது. ஒவ்வொரு இடத்துக்கும் அதிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். நாலில் எதை முதலில் என்றால், கையில் இருக்கிற நாலு நாள் லீவில் உள்ளூர்ப் பயோடேட்டாவைக் கொடுத்துவிடலாம்; அதற்குச் செலவே இல்லை. துபாய் சி.வி.யை இன்றைக்கே முடித்துவைக்கலாம், ஆனால் பெயர்க் குழப்பம் தீரும்வரை அனுப்பக் கூடாது. வருடக் கணக்கில் பார்த்தால் அவளுக்கு யு.கே.தான் நல்லது என்பது என் எண்ணம். அந்த ராத்திரி டியூட்டியைச் சொன்ன விதத்தில் அது தெரிந்தது. அவள் அம்மாவுக்கு துபாய்தான் இஷ்டம், நாலு மணி நேரத்தில் வந்துவிடலாமே என்று.

எட்டரை மணிக்கு மழை விட்டது. பயோடேட்டாவில் நீல மையில் கையெழுத்துப் போட்டாள். துபாய் சி.வி.யைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். யு.கே. தலைப்புப் போட்ட தாள் பிரின்டரில் காலியாகவே கிடந்தது.

“இதுக்கு எவ்வளவு மாமா?”

“அதுக்கு ஒண்ணும் வேண்டாம். எழுதிக் கொண்டா, பெறவு பாப்போம்.”

அந்தக் காலித் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். பத்தடி போய்விட்டுத் திரும்பி, “பொழுதுபோக்குக்கு என்ன எழுத?” என்று கேட்டாள்.